‘உங்க ஆளுங்க தாங்குவாங்க’: வலிக்கு வைத்தியம் பாக்குறதுல நிறமும் இனமும் ஊரும்

பிசியோ_பாம்பன்
நர்ஸ், மருந்துக்கடைக்காரர், வெளிநாட்டுல இருக்குறவங்கன்னு நாலு வகை ஆளும் இங்க இருக்கீங்க, அதனால இந்த இழையை இங்க திறக்குறேன்.

2016-ல அமெரிக்காவுல வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு பண்ணாங்க. வெள்ளையின மருத்துவ மாணவர்களும் பயிற்சி டாக்டர்களுமா 222 பேர். அவங்க கையில சில வாக்கியங்களைக் குடுத்து சரியா தப்பான்னு கேட்டாங்க. ‘கறுப்பினத்தவர் தோல் வெள்ளையர் தோலை விடத் தடிமன்.’ ‘அவங்க நரம்பு முனைகளுக்கு உணர்ச்சி கம்மி.’ ‘அவங்க ரத்தம் சீக்கிரம் உறையும்.’ எல்லாமே பொய். ஏறக்குறைய பாதிப் பேர் இந்த மாதிரிப் பொய்கள்ல ஒண்ணையாவது சரின்னு ஒத்துக்கிட்டாங்க. தோல் தடிமன்ங்கிறதை மட்டும் எடுத்தாலே முதல் ரெண்டு வருஷ மாணவர்கள்ல பத்துக்கு நாலு பேர், பயிற்சி டாக்டர்கள்ல நாலுக்கு ஒருத்தர் நம்புறாங்க. அப்படி நம்புனவங்க, ஒரே மாதிரி கிட்னி கல்லு, ஒரே மாதிரி கால் முறிவுன்னு கேஸ் குடுத்தாலும் கறுப்பின நோயாளிக்கு வலி கம்மின்னு மார்க் போட்டாங்க. எழுதுன மருந்தும் தப்பு.

எனக்கு இது தூர தேசத்து விநோதமா தெரியல. கடல் பாசி எடுக்குற ஒரு அம்மாவுக்குத் தோள்பட்டை ஸ்கேன் எடுக்கலாமான்னு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில (பேர் வேணாம்) கேட்டேன். “கடல்லயே கெடக்குற ஒடம்பும்மா, உங்க ஆளுங்க தாங்குவாங்க”ன்னார் டாக்டர். கேவலமாச் சொல்லல. பாராட்டாத்தான் சொன்னார். எனக்கு உறுத்துறதும் அதுதான். உங்களுக்கு இப்படி நடந்திருக்கா? சொல்லுங்க.

கீழக்கரை_காக்கா
தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. அமெரிக்காவுல கறுப்பர் வெள்ளையர் கதை அடிமைக் காலத்துலேர்ந்து வர்றது. நம்ம ஊருல டாக்டரும் கறுப்பு, நோயாளியும் கறுப்பு. அதைக் கொண்டாந்து இங்க ஒட்ட வைக்காதீங்க. இங்க பிரச்சினை காசு. காசு இருக்கவன் மதுரைக்குப் போறான், இல்லாதவன் தைலம் தேய்க்கிறான்.

இன்னொண்ணு. நான் நியூஜெர்சியில இருந்து திரும்புனவன். வலி மாத்திரையை அள்ளி அள்ளிக் குடுத்து அந்த நாட்டுல எத்தனை குடும்பம் அழிஞ்சதுன்னு பார்த்திருக்கேன். கறுப்பருக்குக் குடுக்காம விட்டது அவங்களுக்கு நல்லதாப் போச்சுன்னுகூடச் சொல்லலாம்.

புள்ளிவிவரப்புலி
காக்கா, ‘எல்லாம் காசுதான்’ங்கிறதை அங்கயும் சொன்னாங்க. அதைச் சோதிச்சும் பார்த்தாங்க.

1993-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. கை எலும்போ கால் எலும்போ முறிஞ்சு வந்தவங்க. வலி மருந்தே கிடைக்காமப் போனவங்க லத்தீன் அமெரிக்க வம்சாவளியில 55 சதவீதம், வெள்ளையர்ல 26 சதவீதம். காப்பீடு இருக்கா, இங்கிலீஷ் பேசுறாங்களாங்கிறதை எல்லாம் கழிச்சுப் பார்த்தும் வித்தியாசம் அப்படியே நின்னுச்சு. 2000-ல அட்லாண்டாவுல இதே மாதிரி பார்த்தாங்க. கறுப்பினத்தவர்ல 43 சதவீதம் பேருக்கு மருந்து இல்ல, வெள்ளையர்ல 26.

இதுல என்னைத் தூங்க விடாதது எதுன்னா, அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் ஆளுங்களே 1994-ல இன்னொரு ஆய்வு போட்டாங்க. நோயாளிக்கு எவ்வளவு வலின்னு டாக்டர்களையே மதிப்பிடச் சொன்னாங்க. அதுல இன வித்தியாசமே வரல! வலி இருக்குங்கிறது டாக்டருக்குத் தெரிஞ்சுதான் இருக்கு. தெரிஞ்சும் மருந்து கைக்கு வரல. அறியாமைன்னு மட்டும் சொல்லிட்டுப் போக முடியாது.

பிள்ளைங்க கணக்கு இன்னும் மோசம். 2015-ல வந்த ஆய்வு: குடல்வால் அழற்சியோட வந்த வெள்ளையினப் பிள்ளைகள்ல மூணுக்கு ஒண்ணுக்கு மார்ஃபின் வகை மருந்து கிடைச்சுது. கறுப்பினப் பிள்ளைகள்ல எட்டுக்கு ஒண்ணு.

சாயல்குடியான்
அடிமைக் காலத்துக் கதைன்னு காக்கா ஒரே வரியில தாண்டிட்டாக. கொஞ்சம் நில்லுங்க. 1840-கள்ல அலபாமாவுல மரியன் சிம்ஸ்னு ஒரு டாக்டர். பிரசவத்துல கிழிஞ்சுபோன பொம்பளைகளுக்கு ஆபரேசன் பழகுனது அடிமைப் பொண்ணுங்க ஒடம்புல, மயக்க மருந்து குடுக்காம. அனார்கா, பெட்ஸி, லூசின்னு மூணு பேரு அவரே எழுதி வச்சுருக்காரு. அனார்காவுக்கு மட்டும் 30 வாட்டி. ‘அப்ப மயக்க மருந்தே கெடையாது’ம்பாக. ஈதர்ங்கிற மயக்க மருந்தை பாஸ்டன்ல 1846-லயே ஊருக்கு முன்னாடி காட்டியாச்சு. இந்த மனுசன் 1849 வரைக்கும் அறுத்துருக்காரு. நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல அவருக்கு இருந்த சிலையை 2018-லதான் எறக்குனாக.

1851-ல கார்ட்ரைட்னு இன்னொரு டாக்டர், அடிமைங்க தோலுக்கு சுரணை இல்ல, அது ஒரு வியாதின்னு பேரே வச்சாரு. அவரு குடுத்த வைத்தியத்துல எண்ணெயத் தடவித் தோல்வாரால அடிக்கிறதும் உண்டு. இந்தக் குப்பையத்தான் 2016 மாணவன் வேற பேருல டிக் அடிக்கிறான்.

லெஸ்டர்_மேரி
தங்கச்சிமடம்தான் சொந்த ஊர். இங்கிலாந்துல வார்டு நர்ஸ். காக்காவுக்கு ஒரு செய்தி: இங்க நம்மளைப் பத்தி வேற கதை. கறுப்பினப் பொண்ணு ‘தாங்குவா’ன்னா, தெற்காசியப் பொண்ணு ‘சும்மா கத்துவா’. பிரசவ வார்டுல ஒரு பஞ்சாபிப் பாட்டியோ நம்ம தமிழ்ப் பிள்ளையோ அழுதா, “அவங்க அப்படித்தான்”னு ஒரு சிரிப்பு. ஜெர்மனியில துருக்கிக்காரங்க, இத்தாலிக்காரங்க வலின்னு வந்தா ‘மத்தியதரைக்கடல் நோய்’னு டாக்டர்கள் தங்களுக்குள்ள கேலியாச் சொல்லிக்கிறது உண்டு. ஒருத்தி தாங்குவா, ஒருத்தி நடிப்பா. ரெண்டு பேருக்கும் கடைசியில கிடைக்கிறது அதே பாராசிட்டமால்.

2017-ல ஒரு கூத்து. பியர்சன் கம்பெனி போட்ட நர்சிங் பாடப்புத்தகத்துல எந்த இனம் வலியை எப்படி எடுத்துக்கும்னு ஒரு பெட்டிச் செய்தி. யூதர்கள் சத்தம் போட்டுக் கேப்பாங்களாம். கறுப்பினத்தவர் மத்தவங்களை விட வலியைக் கூடுதலாச் சொல்லுவாங்களாம். இந்து வழக்கப்படி நடக்குற இந்தியர்கள் அடுத்த பிறவி நல்லா அமையணும்னு வலியைப் பொறுத்துக்குவாங்களாம்! ஊரே திட்டினதும் மன்னிப்புக் கேட்டு எடுத்துட்டாங்க. ஞானஸ்நானம் வாங்கி எழுபது வருஷம் ஜெபமாலை உருட்டுற எங்கம்மாவை எந்தப் பிறவிக் கணக்குல வைப்பாங்களோ.

கீழக்கரை_காக்கா
சரி, சிம்ஸ் விஷயம் எனக்குப் புதுசு. ஆனா மாத்திரை விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லல.

பிசியோ_பாம்பன்
சொல்றேன் காக்கா. ஆக்ஸிகான்டின்ங்கிற மார்ஃபின் வகை வலி மாத்திரை 1996-ல வந்துச்சு. ஆரம்பத்துல வெள்ளையர்களுக்கு அதிகமா எழுதினதால அவங்க அதிகமாச் செத்தாங்கங்கிறது உண்மை. ஆனா ‘நல்லதாப் போச்சு’ன்னு முடிக்க முடியாது. 2020-ல கறுப்பினத்தவரோட போதை மருந்து இறப்பு விகிதம் வெள்ளையரைத் தாண்டிருச்சு. வலிக்கு மருந்து கிடைக்காததும் அவங்களுக்குத்தான், தெருவுல விக்கிற போதை மருந்துல ஃபென்டனில்ங்கிற கடுமையான வலி மருந்து கலந்து வந்ததும் அவங்களுக்குத்தான்.

அதோட, நாள்பட்ட வலின்னா மார்ஃபின் மட்டும்னு யார் சொன்னா? முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மார்ஃபின் முதல் மருந்தே கிடையாது. உடற்பயிற்சி, சரியான பரிசோதனை, தேவைப்பட்டா மூட்டு மாத்துற ஆபரேசன். அந்த ஆபரேசனும் அங்க கறுப்பினத்தவருக்குக் கம்மியாத்தான் நடக்குது. ‘ஆபத்தான மாத்திரையை மிச்சம் பிடிச்சோம்’னு சொல்றவங்க ஆபத்தே இல்லாத பயிற்சியையும் ஏன் குடுக்கல?

புள்ளிவிவரப்புலி
மூட்டுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. இந்த இழையில ஒரே ஒரு ஆய்வுதான் படிக்க முடியும்னா இதைப் படிங்க.

முழங்கால் தேய்மானத்துக்கு எக்ஸ்ரே பார்த்து 0 முதல் 4 வரை மார்க் போடுற முறை ஒண்ணு உண்டு. கெல்கிரன், லாரன்ஸ்னு ரெண்டு பேர் 1957-ல வெளியிட்டது. அந்தக் கால இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளைப் பார்த்து வளர்ந்த முறை. இன்னைக்கும் உலகம் முழுக்க அதுதான். அமெரிக்காவுல ஒரே மார்க் வாங்குன முழங்காலா இருந்தாலும் கறுப்பின நோயாளிங்க கூடுதல் வலி சொல்லுவாங்க. எக்ஸ்ரேயில இல்லாத வலி, அப்ப மன அழுத்தமா இருக்கும், வீட்டுப் பிரச்சினையா இருக்கும்னு முடிச்சுக்கிட்டாங்க.

2021-ல எம்மா பியர்சன், ஸியாத் ஓபர்மேயர் குழு ஒரு வேலை பண்ணுச்சு. கம்ப்யூட்டருக்கு எக்ஸ்ரேயைக் குடுத்தாங்க. டாக்டர் போட்ட மார்க்கைக் கத்துக்கச் சொல்லல. நோயாளி சொன்ன வலியைக் கத்துக்கச் சொன்னாங்க. பழைய மார்க் முறை அந்த இன வித்தியாசத்துல 9 சதவீதத்தைத்தான் விளக்குச்சு. கம்ப்யூட்டர் 43 சதவீதம். அதே படம்தான்! அந்தக் கூடுதல் வலிக்கான காரணத்துல ஒரு நல்ல பங்கு முழங்காலுக்குள்ளயேதான் இருந்திருக்கு, தேடுன கண்ணுக்குத்தான் தெரியல. மார்க் கம்மியா விழுந்தா ஆபரேசனுக்குப் பேர் வராது. யார்கிட்டயும் கெட்ட எண்ணம் இல்லாமலே அநியாயம் நடந்து முடிஞ்சிரும்.

சின்னப்பாலம்_பொண்ணு
எங்க அம்மா பாசி எடுக்குறவங்க. சின்னப்புள்ளயிலேர்ந்து. மரிக்கொழுந்து பாசி பாறையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும், அதைப் பிய்க்க விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு முங்கணும். துணி நனைஞ்சு விலகுனா பாறை கிழிச்சிரும், அதுல உப்புத் தண்ணி. கால்ல ரப்பர் செருப்பு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு குனிஞ்சு எடுத்து இடுப்புப் பையில போடுறது. கரைக்கு வந்தா நனைஞ்ச மூட்டை.

அம்மாவுக்கு இப்ப வலது கை காதுக்கு மேல போகாது. ஆஸ்பத்திரியில “பத்துக்கு எத்தனை வலி?”ன்னு கேட்டாங்க. அம்மா “அது கெடக்கு சார்”னாங்க. அவர் 3-ன்னு எழுதிக்கிட்டார். நான் பக்கத்துலதான் நின்னேன்.

இன்னொரு சங்கதியும் இருக்கு. மன்னார் வளைகுடா தீவு 21-ம் 1986-லேர்ந்து தேசியப் பூங்கா, உள்ள போகத் தடை. அங்க அடிபட்டா எங்க அடிபட்டுச்சுன்னு சொல்லவே பயப்படுவாங்க. “வீட்டுல வழுக்கி விழுந்தேன்”னு சொல்றவங்களை எனக்குத் தெரியும். டாக்டர் அதுக்குத் தகுந்த வைத்தியம்தானே பாப்பாரு.

பிசியோ_பாம்பன்
“அது கெடக்கு”! இதைக் கேக்காத நாள் கிடையாது. இந்தப் பக்கம் பொம்பளைங்ககிட்ட பத்துக்கு எத்தனைன்னு கேக்குறதை நான் நிறுத்தியே போட்டேன். வேற கேள்வி கேப்பேன். கொண்டை போட முடியுதா? ரவிக்கைக் கொக்கி யார் மாட்டி விடுறா? மூட்டையைத் தலையில ஏத்த முன்னெல்லாம் ஒராள் கை குடுத்தா போதும், இப்ப ரெண்டாளா? ராத்திரி எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்குறீங்க? இதுக்கெல்லாம் “அது கெடக்கு”ன்னு பதில் வராது. உன் அம்மாவுக்கு 3 இல்லம்மா. கையைக் காதுக்கு மேல தூக்க முடியாதவங்களுக்கு 3-ன்னு எழுதுனது அளவுகோல் பண்ணுன வேலை இல்ல, அந்த ஆள் உன் அம்மாவைப் பார்த்த பார்வை.

மண்டபம்_முகாம்
நான் இலங்கை அகதி முகாமில பிறந்த பிள்ளை. எங்கட ஆக்களுக்கு மேரி அக்கா சொன்ன மற்ற வரிசைதான், ‘நடிப்பா’ எண்டுறது. அம்மாவுக்கு முதுகில செல் (பீரங்கிக் குண்டு) துண்டு இருக்கு, 1990-ல பட்டது. குளிர் விழுந்தா நிமிர ஏலாது. அகதி அட்டையைக் காட்டினதும் ஒருத்தர் கேட்டது, “உதவித்தொகைக்குச் சர்டிபிகேட் வேணுமா?” அம்மா வலிக்கு மருந்து கேக்கப் போனவ. அதுக்குப் பிறகு ஆஸ்பத்திரி எண்டாலே மாட்டன் எண்டுறா.

இந்த மண்டபம் முகாமே பிரிட்டிஷ்காரன் காலத்தில சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போற கூலிகளை நோய்த்தடுப்புக்கெண்டு மறிச்சு வச்ச இடம். அம்மை குத்தி, சோதிச்சு, தோட்டத்துக்குத் தோதான உடம்பு எண்டு பாத்து அனுப்பினவங்கள். உழைக்கிறதுக்கு மட்டும் எங்கட உடம்பு எல்லாருக்கும் நல்லாத் தெரியுது.

நெறியாளர்
சாதிப் பெயர்களைச் சொல்லி எழுதிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. ஆஸ்பத்திரி, டாக்டர் பெயர்களும் வேண்டாம். விவாதம் தொடரட்டும்.

சாயல்குடியான்
பேரு போடாட்டி விசயம் இல்லேன்னு ஆயிருமா? எங்க பக்கம் சீட்டு எழுதும்போதே “எந்த ஊரு, என்ன தொழிலு”ம்பாக. வாலிநோக்கம் உப்பளமா, பனையேறியா, கரிமூட்டமா. அதைச் சொன்னா மிச்சம் எல்லாம் அவுகளே புரிஞ்சுக்கிருவாக. இனம்னு ஒரு கட்டம் ஃபாரத்துல இல்லாததால நம்மகிட்ட கணக்கு இல்ல. அமெரிக்காக்காரன் கட்டம் போட்டு வச்சுருந்தான், அதனால மாட்டிக்கிட்டான்.

மருந்துக்கடை_ராம்நாடு
எல்லாரும் டாக்டரைத் திட்டியாச்சு, அடுத்து என் முறை வரும், நானே வந்துட்டேன். மார்ஃபின் என் கடையில இல்ல, வைக்கவும் மாட்டேன். 1985 போதைப்பொருள் சட்டம் தெரியும்ல? 2014-ல திருத்தி மார்ஃபின் உட்பட ஆறு மருந்தை அத்தியாவசியம்னு தளர்த்துனாங்க. ஆனாலும் அது அங்கீகாரம் வாங்குன மருத்துவ நிறுவனங்கள் வழியா போற சரக்கு. டிரமடால்ங்கிற வலி மாத்திரையையே 2018-ல அந்தச் சட்டத்துக்குள்ள கொண்டுவந்துட்டாங்க. ஒரு அட்டை கணக்குல உதைச்சா நான் கோர்ட்டு வாசல்ல நிக்கணும்.

புள்ளிவிவரப்புலி
அண்ணே, உங்களைக் குத்தம் சொல்லல. 2000-ல நியூயார்க்ல மருந்துக்கடை கடையா விசாரிச்சாங்க. வெள்ளையர் அதிகமா இருக்குற பகுதிகள்ல 72 சதவீதக் கடையில கடுமையான வலிக்குப் போதுமான மருந்து இருந்துச்சு. மத்தவங்க அதிகமா இருக்குற பகுதிகள்ல 25 சதவீதம். அந்தக் கடைக்காரங்களும் சட்டம், திருட்டு பயம், வாங்க ஆள் இல்லைன்னுதான் சொன்னாங்க. ஒவ்வொருத்தர் காரணமும் நியாயமாத்தான் இருக்கு, கூட்டிப் பார்த்தா கறுப்பினக் கிழவிக்கு மருந்து இல்ல. இத்தனைக்கும் நம்ம நாடு மத்தியப் பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் அரசு உரிமத்தோட கசகசாச் செடி போட்டு, மார்ஃபின் எடுக்குற அபினியை ஏற்றுமதி பண்ற நாடு. நம்ம கேன்சர் நோயாளி மார்ஃபினுக்கு மதுரைக்கு பஸ் ஏறுறார்.

பிசியோ_பாம்பன்
கடைக்கார அண்ணனுக்கு என் சண்டை மார்ஃபின்ல இல்ல, ‘செட்டு’ல. “கை கால் கொடைச்சலுக்கு ஒரு செட்டுக் குடு”ன்னு கேட்டா ஒரு டைக்ளோ வலி மாத்திரை, ஒரு ஸ்டீராய்டு, ஒரு அல்சர் மாத்திரைன்னு காகிதத்துல மடிச்சுக் குடுக்குறது. உங்க கடைன்னு சொல்லல. உப்பளத்துல வெயில்ல தண்ணி காணாம காயுற ஒடம்புக்கு டைக்ளோவை மாசக்கணக்குல குடுத்தா கிட்னி என்ன ஆகும்? ‘தாங்குவாங்க’ன்னு டாக்டர் விட்டதை அவங்க செட்டுப் போட்டுத்தான் தாங்குறாங்க.

மருந்துக்கடை_ராம்நாடு
செட்டு விக்காத கடை எதுன்னு சொல்லுங்க, நானும் நிறுத்துறேன்.

பிசியோ_பாம்பன்
அது பதில் இல்லண்ணே. உங்களுக்கே தெரியும்.

கீழக்கரை_காக்கா
படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். காசுதான் காரணம்னு சொன்னதை நான் முழுசா விடல. ஆனா உம்மாவுக்கு நாலு வருஷமா முழங்கால் வலி. காசு இருக்கு, காரு இருக்கு, போன இடத்துல எல்லாம் “வயசாச்சு, எடை கூடிருச்சு, எக்ஸ்ரேயில பெருசா ஒண்ணும் இல்ல”. உம்மாவும் சபூர் (பொறுமை) சபூர்னு இருந்துருவாங்க. இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?

பிசியோ_பாம்பன்
முதல்ல, அந்த எக்ஸ்ரே படுக்க வச்சு எடுத்ததா, நிக்க வச்சு எடுத்ததான்னு பாருங்க காக்கா. நின்னு எடை விழும்போதுதான் மூட்டு இடைவெளி எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு தெரியும். ரெண்டு முழங்காலும் நின்னுக்கிட்டு எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்க, கேட்டா எடுப்பாங்க. ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில எலும்புப் பிரிவு இருக்கு. தொடைத் தசைக்குப் பயிற்சியை அதுக்குக் காத்திருக்காம ஆரம்பிக்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டத்துல வீட்டுக்கே பிசியோ வருவாங்க, 2021-லேர்ந்து நடக்குது. கிராம சுகாதார நர்ஸ்கிட்ட பேர் குடுங்க. கூப்புடாம நாங்களா வர்றதுக்கு ஆள் பத்தாது.

சின்னப்பாலம்_பொண்ணு
அக்கா, அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிட்டுப் போறப்ப டாக்டர்கிட்ட குடுக்க ஒரு சீட்டு எழுதிருக்கேன். சரியான்னு பாருங்க.
“அம்மாவுக்கு ரொம்ப நாளா தாங்க முடியாத வலி. வலது தோள். மாத்திரை போட்டும் கேக்கல. தயவுசெய்து நல்லாப் பாருங்க.”

பிசியோ_பாம்பன்
‘ரொம்ப’, ‘தாங்க முடியாத’ ரெண்டையும் அடிச்சிரு. அந்த வார்த்தையைப் பார்த்துத்தான் நடிப்புங்கிறாங்க. இப்படி எழுது:
“வலது கை காதுக்கு மேல தூக்க முடியல, போன பொங்கல்லேர்ந்து. தலை சீவி விடுறது மகள். வலது பக்கம் படுத்தா முழிப்பு வந்துரும். பாசிக்குப் போறது மாசத்துல 12 நாளா இருந்துச்சு, இப்ப 5. கடையில வாங்கிப் போட்ட மாத்திரைகள்:” அதுக்குக் கீழ அட்டையை ஒட்டு, காலி அட்டையா இருந்தாலும் பரவாயில்ல. தீவுல அடிபட்டதை எழுதணுமான்னு அம்மாகிட்ட கேட்டு முடிவு பண்ணு. டாக்டர் வனத்துறைக்குச் சொல்லணும்னு கட்டாயம் எதுவும் இல்ல. பொங்கல் தேதி நானா போட்டது, நீ சரியான மாசத்தைப் போடு.

கீழக்கரை_காக்கா
இதே மாதிரி உம்மாவுக்கும் எழுதுறேன். மாடி ஏற முடியலன்னு எழுதவா, தொழுகையில சுஜூது (நெத்தி தரையில படக் குனியுறது) செய்ய முடியலன்னு எழுதவா?

பிசியோ_பாம்பன்
ரெண்டும் எழுதுங்க காக்கா. தொழுகைக்கு நாற்காலி போட ஆரம்பிச்சது எந்த மாசம்னும் சேர்த்து எழுதுங்க.